அந்த வாசனை யாருடையது?

சிலந்திப்பேன் சிலந்தியும் இல்லை, பேனும் இல்லை. எட்டுக் கால் இருப்பதால் சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நீளம் அரை மில்லிமீட்டர். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஊசி மாதிரி வாயால் செல் செல்லாகக் குத்தி, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். மேலே இருந்து பார்த்தால் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். வெயில் கூடினால் ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை. செடி என்ன செய்யும்? எழுந்து ஓடவா முடியும்?

இந்தக் கேள்விக்கு 1980-களில் நெதர்லாந்தில் ஒரு பதில் கிடைத்தது. பதிலைவிட, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நடந்த இழுபறிதான் எனக்குப் பிடித்த பகுதி.

பின்கதை பூச்சிமருந்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் பழத்தோட்டங்களில் சிலந்திப்பேனை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. டிடிடி வந்தது. அதைத் தின்றுகொண்டிருந்த எதிரிகளெல்லாம் செத்தன, இது பிழைத்துக்கொண்டது. அடுத்தடுத்து வந்த மருந்துகளுக்கும் பழகிக்கொண்டது. இதற்கிடையே 1958-இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளோடு, யாரும் அழைக்காமலே ஒரு வேட்டைப்பேன் வந்து சேர்ந்தது. ஃபைட்டோசெய்லஸ் பெர்சிமிலிஸ். சிலந்திப்பேன்தான் அதன் சாப்பாடு. 1967-இல் யான் கோப்பர்ட் என்ற டச்சு வெள்ளரி விவசாயி இதை வளர்த்து விற்கவே ஆரம்பித்துவிட்டார்.

இந்த வேட்டைப்பேனுக்குக் கண் கிடையாது, இறக்கையும் கிடையாது. அப்புறம் எப்படித் தூரத்துச் செடியில் இருக்கும் இரையைச் சரியாகப் போய்ப் பிடிக்கிறது?

மாரிஸ் சபேலிஸ் இதைச் சோதித்த கருவி ரொம்ப எளிமையானது. ஆங்கில ஒய் எழுத்து வடிவில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே அதே வடிவில் ஒரு கம்பி. ஒரு கிளையிலிருந்து சிலந்திப்பேன் பிடித்த இலையைத் தொட்ட காற்று வரும். இன்னொன்றிலிருந்து சுத்தமான இலையின் காற்று. பசியோடு இருக்கும் வேட்டைப்பேனைக் கம்பியில் விட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எண்ண வேண்டியதுதான். பெரும்பாலானவை பாதிக்கப்பட்ட இலையின் பக்கமே போயின. 1983-இல் வான் டி பான் என்பவரோடு சேர்ந்து சபேலிஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பு, அந்த வாசனையைச் சிலந்திப்பேன் வெளியிடுவதாகவே சொல்கிறது. இரையின் வாசனை எதிரிக்கு வழிகாட்டுவது இயல்புதானே? அந்த மாதிரி வாசனைக்குக் கைரோமோன் என்ற பெயரும் தயாராக இருந்தது.

ஆனால் இடிக்கிறது. எதிரியை வீட்டுக்கு அழைத்து வரும் வாசனையை ஒரு பூச்சி ஏன் விட வேண்டும்? வாகனிங்கனில் ஆய்வு மாணவராக இருந்த மார்செல் டிக்கேயும் சபேலிஸும் இதைத் தோண்டினார்கள். லைமா பீன்ஸ் இலையிலிருந்து பேன்களைத் துடைத்து எடுத்த பிறகும் இலை வேட்டைப்பேனை ஈர்த்தது. சும்மா கிழித்துக் காயப்படுத்திய இலைக்கு அந்த வசியம் இல்லை. பேனே ஏறாத பக்கத்து இலைகூட, அதே செடியில் இருந்தால் ஈர்த்தது. அப்படியென்றால் வாசனை செடியுடையது. 1990-இல் வெளியான வேதிப் பகுப்பாய்வில் லினலூல், ஓசிமீன், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் வந்தன. கடைசியாகச் சொன்னது நமக்கு அந்நியமில்லை. கோடாலித் தைலத்தை மூக்கருகே கொண்டு போனவர்கள் அதை முகர்ந்திருக்கிறார்கள்.

1988-இல் இருவரும் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். செடிகள் வேட்டைப்பேன்களை மெய்க்காவலர்களாக எப்படிப் பெறுகின்றன என்பது ஒன்று. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். எனக்கு மற்றதுதான் முக்கியம். வாசனைகளுக்கு எங்கிருந்து வருகின்றன என்பதை வைத்துப் பெயர் சூட்டாமல், யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம் என்பதை வைத்துச் சூட்டலாமே என்று அது கேட்டது. ஒரே மூலக்கூறு செடிக்கும் வேட்டைப்பேனுக்கும் லாபம் என்றால் அந்த உறவில் சினோமோன். அதையே முகர்ந்து வேறொரு தின்னிப் பூச்சி செடியைத் தேடி வந்தால், அந்த உறவில் கைரோமோன். சிக்னல் எந்த ஒயரில் வருகிறது என்று மட்டும் பார்த்துப் பழகிய பொறியியல்காரனுக்கு இது நல்ல குட்டு. பொருள் மூலக்கூறில் இல்லை, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது.

1983-இல் இன்னொன்றும் நடந்தது. ஓர் இலை காயப்பட்டால் பக்கத்து மரம் உஷாராகிறது என்று அமெரிக்காவில் ரோட்ஸ் தனியாகவும், பால்ட்வின், ஷுல்ட்ஸ் இருவர் சேர்ந்தும் எழுதினார்கள். பத்திரிகைகள் 'பேசும் மரங்கள்' என்று கொண்டாடின. உடனே சோதனை முறைமீது கடும் விமர்சனம் வந்து, அந்தத் துறையே கொஞ்ச காலம் கூச்சப்பட்டு நின்றது. டச்சுக்காரர்களுக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை. அவர்களிடம் இருந்தது எண்ணக்கூடிய ஒரு பேனும் இரண்டு கிளையும்தான் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 'மரங்கள் அழுகின்றன' செய்திகளைப் பார்க்கும்போது அந்தக் கண்ணாடிக் குழாயின்மேல் மரியாதை கூடுகிறது. 'மெய்க்காவலர்' மட்டும் உவமை இல்லையா என்று கேட்கலாம். உவமைதான். ஆனால் அதைப் பொய்யாக்கிப் பார்க்க ஒரு வழியும் கூடவே இருந்தது.

சிலந்திப்பேனும் சும்மா இருக்கவில்லை. தக்காளியைத் தின்னும் டெட்ரானிகஸ் எவன்சி என்ற இனம் செடியின் தற்காப்பையே அமுக்கிவிடுகிறது என்று 2011-இல் பிரேசிலையும் ஆம்ஸ்டர்டாமையும் சேர்ந்த குழு காட்டியது. சபேலிஸும் அதில் இருந்தார். பூச்சியே படாத செடியில் இருப்பதைவிடக் குறைவான அளவுக்குத் தற்காப்பு இறங்கிவிடுகிறதாம். இதில் அந்தப் பேனுக்கு ஒரு தொல்லை உண்டு. ஆயுதம் பறிக்கப்பட்ட இலை மற்றப் பேன்களுக்கும் நல்ல விருந்து. அதனால் அவை உள்ளே வராதபடி இலைமேல் அடர்த்தியாக வலை பின்னி மூடிக்கொள்கிறது.