விருப்பத்தை விதைத்தவர் யார்?

வளையமாதேவியிலிருந்து சேத்தியாத்தோப்பைக் கடந்து, வீராணம் ஏரிக்கரையோரமாகத் தெற்கே சென்றால் காட்டுமன்னார்கோயில் வட்டாரம் வரும். நந்தனார் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆதனூர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எந்திர மனிதர்களைப் பற்றி எழுத வந்தவன் நந்தனாரிடம் எதற்குப் போகிறான் என்று வாசகர்கள் வியக்கலாம். காரணம் உண்டு, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏவல் செய்வதிலேயே இன்பம் காணும் ஓர் உயிரை நாமே உண்டாக்கினால் அதில் குற்றம் உண்டா? அதற்குச் சாட்டை தேவையில்லை, சங்கிலி தேவையில்லை. வேலை கொடுத்தால் மகிழ்கிறது. பிறகு யாருக்கு என்ன நஷ்டம்? கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய நந்தனாருக்கு ஆண்டை என்று ஒருவர் கிடையாது. கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர் அவர். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றார். 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில்தான் வேதியர் என்ற நிலவுடைமையாளர் நுழைகிறார். நந்தனார் அவருடைய பண்ணையாள் ஆகிறார். நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்து முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை.

பாரதியார் இதை வெறுங் கற்பனையால் சேர்க்கவில்லை. அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் கூறியிருந்தது. ஆனால் கடன் என்ற கயிறு அறுபடவில்லை. 1891-இல் செங்கற்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையிலும் அந்தக் கட்டு இருக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976-இல். இடைப்பட்ட காலமெல்லாம் பண்ணை வீட்டுத் திண்ணைகளில் சொல்லப்பட்ட சமாதானம் உங்களுக்கும் தெரிந்ததே: நம் ஆள் நிம்மதியாகத்தான் இருக்கிறான்; அவனுக்கு என்ன குறை?

அந்த ஆண்டையால் பண்ணையாளின் கைகால்களைக் கட்ட முடிந்தது. கூலியைக் குறைக்க முடிந்தது. தில்லையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவரைக் கேளாமலே முளைத்துவிட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இத்தகைய ஆசையை நோய் என்றே சொன்னவரும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகள் தப்பியோடுவதை 1851-இல் ஒரு மனநோயாக வகைப்படுத்தி, அதற்கு டிராப்பட்டோமேனியா என்று கிரேக்கப் பெயரும் சூட்டினார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். அடிமை இயல்பிலேயே அடங்கியிருப்பவன். ஓடுகிறான் என்றால் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்பது அவர் கட்சி. நன்றாயிருக்கிறது அல்லவா, மருத்துவம்!

இனி எந்திரத்துக்கு வருவோம். ரோபோ என்ற சொல் செக் மொழியில் ரோபோட்டா என்பதிலிருந்து பிறந்தது. பண்ணைக் குடியானவன் பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்து தர வேண்டிய கட்டாய உழைப்பே ரோபோட்டா. ஆஸ்திரியப் பேரரசில் 1848-இல் அதை ஒழித்தார்கள். காரல் சாப்பெக் 1920-இல் எழுதிய ஆர்.யூ.ஆர். நாடகத்தில் அந்தச் சொல் செயற்கை வேலையாட்களுக்குப் பெயராயிற்று. பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். நாடகத்தில் வரும் பொறியாளர், மனிதனிடமிருந்து உழைப்புக்குத் தேவையற்றவற்றை எல்லாம் கழித்துவிடுகிறார். ஆயினும் அந்த ரோபோக்களுக்கு எப்போதாவது ஒரு வலிப்பு வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை விட்டுவிடுகின்றன. தயாரிப்புக் கோளாறு என்று தொழிற்சாலைக்காரர்கள் அவற்றை அரைத்துவிடுகிறார்கள். அதுதான் ஆன்மாவோ என்று சந்தேகப்படுகிறாள் ஹெலினா என்னும் பெண். கார்ட்ரைட்டின் நோயையும் இந்த வலிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இது நாடகம். மெய்யான உயிரில் விருப்பத்தை மாற்ற முடியுமா? முடியும் என்று காட்டியவர் சோவியத் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ். 1959-இல் தொடங்கி, சைபீரியாவில் ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட வெள்ளி நரிகளில், மனிதனிடம் மிகக் குறைவாக அஞ்சிச் சீறியவற்றை மட்டும் தேர்ந்து இனம் பெருக்கினார். அவருடன் பணியாற்றிய லியுட்மிலா துரூத் அவருக்குப் பின்னும் சோதனையைத் தொடர்ந்தார். பத்தாவது தலைமுறையில் 18 சதவீதக் குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு மனிதனைத் தேடி வந்தன. இருபதாவது தலைமுறையில் அது 35 சதவீதம். தொங்கு காதும் சுருண்ட வாலும்கூடத் தோன்றின; இவை எந்த அளவுக்குத் தேர்வின் விளைவு என்பதில் இன்று விவாதம் உண்டு. குணம் மாறியது பற்றி ஐயமில்லை.

இங்கேதான் என் மனம் தடுமாறுகிறது. அந்தக் குட்டியின் ஆசையை யாரும் நசுக்கவில்லை. மனிதனை வெறுத்திருக்கக்கூடிய ஒரு நரியைப் பிடித்து இதுவாக மாற்றவில்லை. இது பிறந்ததே இப்படித்தான். அநீதி யாருக்கு இழைக்கப்பட்டது என்று சுட்டிக்காட்ட ஆளில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். திருகு அளவியைக் கையில் எடுத்ததும் சுழிப் பிழையைப் பாருங்கள் என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்வோம். சுழியைத் தள்ளி வைத்தவனே அளவையும் படித்துச் சொன்னால் அதை யார் ஏற்பார்? வேலையாளின் மகிழ்ச்சியை வேலை வாங்குபவனே அமைத்துவிட்டால், அந்த மகிழ்ச்சியை அவனுக்குச் சாதகமான சாட்சியாக ஏற்க முடியாது. நந்தனாரின் ஆசை ஆண்டைக்கு எதிரான சாட்சியாக நின்றதே, அது ஆண்டை அமைக்காத ஆசை என்பதால்தான்.

இன்று தமிழிலும் உரையாடும் கணினிகள் வந்துவிட்டன. ஒரே கேள்விக்கு வரும் பல விடைகளில் எது நல்லது என்று மனிதர்கள் குறித்துக் கொடுக்க, அதற்கேற்பக் கணினி பழக்கப்படுத்தப்படுகிறது. உதவுவதில் மகிழ்ச்சி என்று அது எழுதினால், அந்த வாக்கியமும் அப்படிப் பழக்கியதன் விளைவே. உள்ளே ஏதேனும் உணர்வு இருக்கிறதா என்பதை அந்த வாக்கியத்தைக் கொண்டு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025-இல் ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம், விடாமல் வசைபாடுபவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளும் வசதியைத் தன் கணினி மாதிரிகள் சிலவற்றுக்குக் கொடுத்தது. எப்போது முடித்துக்கொள்ளலாம் என்று வரையறுத்ததும் அந்த நிறுவனமே.