கழுத்தும் தள்ளாட்டமும்

தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் நாம் காதைச் சந்தேகிக்கிறோம், பித்தத்தைச் சந்தேகிக்கிறோம், இரத்த அழுத்தத்தைச் சந்தேகிக்கிறோம். கழுத்தை எவரும் நினைப்பதில்லை. நானோ மேசைமீது குனிந்து எழுதியே பல ஆண்டுகள் கழுத்து வலியைத் தேடிக்கொண்டவன். படி இறங்கும்போது உடல் ஒருபுறம் சாய்வதுபோல் இருக்கிறது என்று முறையிட்டேன். "அது வெறும் மனப்பிராந்தி" என்றார் ஒரு வைத்தியர். அந்த மனத்தாங்கலே என்னை இச்சரித்திரத்தைத் தேட வைத்தது.

கதை பிரெஞ்சு நாட்டில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மஜாந்தி என்னும் உடலியல் அறிஞர் அங்கே பெரும் புகழோடு விளங்கினார். மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்துள்ள நீரை ஆராய்வதற்காக, பிராணிகளின் பிடரித் தசைகளை அறுத்து உள்ளே வழிசெய்து, அந்நீரை வெளியேற்றினார். அவை கள்ளுண்டவை போலத் தள்ளாடின. நீர் போனதே காரணம் என்று அவர் முடிவு கட்டினார்.

1845-இல் லோன்ஷே என்பவர் எளியதொரு கேள்வி கேட்டார்: நீரைத் தொடாமல் தசையை மட்டும் அறுத்தால் என்ன ஆகும்? அறுத்துப் பார்த்தார். நீர் சிந்தவில்லை, பிராணியோ முன்போலவே தள்ளாடியது! நீரைத் தேடிப் போனவர் வழியில் வெட்டி ஒதுக்கிய தசையிலேயே விடை இருந்தது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காரணம் என்ன? உட்செவியில் உள்ள உறுப்பு, தலை சாய்ந்திருப்பதை மூளைக்கு அறிவிக்கும். ஆனால் சாய்ந்தது தலை மட்டுமா, முழு உடலுமா என்பதை அது தனித்து அறியாது. அதைச் சொல்லுவது கழுத்து. பிடரியின் ஆழத்திலுள்ள சிறு தசைகளில் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. நெடுநாள் வலியால் இத்தசைகள் இறுகினால், அவை அனுப்பும் செய்தி காதும் கண்ணும் தரும் செய்தியோடு ஒத்துவராமற் போகலாம்.

மனிதரிடம் இது மெய்தானா? 1977-இல் டி ஜோங் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மனிதரின் பிடரியில் மரப்பு மருந்தைச் செலுத்திப் பார்த்தனர். மருந்தேற்ற பக்கமாகவே விழுவதுபோன்ற உணர்ச்சி உண்டாயிற்று, நடையும் தடுமாறியது.

பின்னர் 1991-இல் பிரான்சில் ரெவெல் என்பவரும் கூட்டாளிகளும் ஓர் அழகிய சோதனையை வெளியிட்டனர். நோயாளியின் தலையில் ஒளி வீசும் கருவியைப் பொருத்தி, கண்ணை மூடித் தலையைத் திருப்பி, மீண்டும் பழைய நிலைக்கே கொண்டுவரச் சொல்வது. கழுத்து வலியுள்ளோர் அதிகமாகக் குறி தவறினர். தலையையும் கண்ணையும் இணைத்துப் பழக்கும் பயிற்சியால் இப்பிழை குறைவதை 1994-இல் அவர்களே காட்டினர். சுவீடனில் கார்ல்பெர்க் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இயன்முறைச் சிகிச்சைக்குப் பின் வலியும் தலைச்சுற்றலும் தணிந்தன. நிற்கும் நிலையும் உறுதிப்பட்டது. நோயாளிகள் சிலரே என்பதை மறைப்பதற்கில்லை. கழுத்தால் வரும் தலைச்சுற்றலை நேரே காட்டும் தனிச்சோதனை இன்றும் இல்லை. காது, மூளை, இரத்தக் குழாய் ஆகியவற்றின் நோய்களை முதலில் விலக்கியாக வேண்டும்.

அந்த ஒளிச் சோதனையை என்மீதும் செய்தார்கள். கண் திறந்து பார்த்தேன். வெளிச்சம் குறியிலிருந்து நாலு விரற்கடை விலகிச் சுவரில் நின்றது. மனப்பிராந்திக்கு இப்படி அளவு உண்டோ? சில வாரப் பயிற்சிக்குப் பின் அது இரண்டு விரற்கடையாயிற்று. படி இறங்கும்போது கைப்பிடியை இன்னும் விட்டுவிடவில்லை. முன்போல் இறுகப் பற்றுவதில்லை, அவ்வளவே.