பத்து தீகா தாண்டும்போது

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறி கிள்ளானுக்குப் போனால் நடுவில் பத்து தீகா வரும். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்த ஓடுதளம் இந்தப் பக்கம்தான் இருந்தது. 1996 மார்ச் 31 அன்று வலெண்டினோ ரோஸி என்ற 17 வயதுப் பையன் தன் முதல் உலகப் போட்டியை இங்கே ஓட்டி ஆறாவதாக வந்தான். இப்போது அங்கே வீடுகள். ரயிலில் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை.

ஐல் ஆஃப் மேன் தீவுக்காரர்கள் வேற மாதிரி. 1907இலிருந்து அங்கே ஊர்ச் சாலையிலேயே டிடி பந்தயம். 1973இல் தபால்துறை தங்கள் கைக்கு வந்ததும், அடுத்த ஆண்டே பழைய வெற்றியாளர்களைத் தபால்தலையில் போட்டுவிட்டார்கள். உயிரோடிருப்பவர்களில் அரச குடும்பத்துக்கு மட்டுமே தபால்தலை என்பது அன்றைய பிரிட்டன் வழக்கம். தீவு அதைப் பொருட்படுத்தவில்லை. ஒன்றில் மைக் ஹேல்வுட். 1961இல் ஒரே வாரத்தில் மூன்று டிடி வென்றவர். அதில் இரண்டு ஹோண்டாவில். நம் தெருக் காப்சாய்க்குப் பெரியண்ணன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் தபால்தலை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. அதே 1974 ஆகஸ்டில் ஜெர்மனியில் கார் பந்தய விபத்தில் ஹேல்வுட்டின் கால் நொறுங்கியது. ஆளின் கதை முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும். 1978இல், 38 வயதில், 11 ஆண்டுகள் கழித்து அதே தீவுச் சாலைக்குத் திரும்பி டுகாட்டியில் ஜெயித்தார்.

1981 மார்ச்சில் பிள்ளைகளோடு மீனும் சிப்ஸும் வாங்கக் காரில் கிளம்பினார். வழியில் ஒரு லாரி குறுக்கே திரும்பியது. அவரும் மகளும் பிழைக்கவில்லை.