கைப்பிடியின் வரலாறு



அரசர் ஏந்திய வாளின் பெருமையை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அவ்வாளின் கைப்பிடியைப் பற்றி அவை பேசுவது அரிது. இரும்பைக் காய்ச்சி அடித்துக் கூராக்குவதோடு கொல்லனது தொழில் முடிந்துவிடுவதில்லை. தக்க பிடியும் காப்பும் அமையாவிடின், அக்கூர்மை ஏந்தியவன் கையையே அறுத்துவிடும்.

புதுவையைச் சார்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் நெல் விளையும் நிலப்பகுதிகள். அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளிலும் அங்குக் கதிர் அரிவாள் மறைந்துவிடவில்லை. ஓர் அரிவாளை எடுத்து உற்று நோக்குங்கள். இரும்பின் அடிப்பகுதி வால்போல மெலிந்து மரப்பிடிக்குள் புகுந்திருக்கும். அவ்வாலைக் காய்ச்சிப் பிடியின் சிறு துளையில் இறக்கினால், மரம் உள்ளே கருகி, இரும்பின் வடிவிற்கேற்ப இடங்கொடுக்கும். பிடியின் வாயில் மாட்டிய பூண், மரம் பிளவாதபடி இறுகக் காக்கும். கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரமே பிடிக்கு ஏற்றது.

ஆனால் அரிவாளுக்குக் கைக்காப்பு இல்லை. ஏன்? உழவர் அதனைத் தம்மை நோக்கி இழுத்து அறுக்கின்றனர். ஆகவே கை அலகின் பக்கம் வழுக்குவதில்லை. பின்புறமாக நழுவுவதைத் தடுக்கப் பிடியின் கடைசி சற்றுப் பருத்திருந்தால் போதும். முன்னோக்கிக் குத்தும் கத்தியின் நிலை வேறு. குத்து தடைப்படும்போது கை முன்னே வழுக்கி அலகின்மேல் ஏறும். அதனைத் தடுக்கவே பிடிக்கும் அலகிற்கும் இடையே குறுக்குக் காப்பு அமைந்தது. பகைவனது வாள் விரல்களை வெட்டாமல் தடுப்பதும் அதன் கடமையாயிற்று.

இவ்விரு கடமைகளையும் நம் நாட்டுக் கட்டாரி வேறு வழியில் நிறைவேற்றியது. அதன் பிடி அலகிற்குக் குறுக்காக அமைந்தது. வீரன் முட்டியை மடக்கிப் பற்றினால், முன்கையின் வலிமை நேரே அலகின் நுனிக்குச் செல்லும். கை வழுக்க இடமில்லை. இருபுறக் கம்பிகளும் முன்கையை ஒட்டி நின்றன. விசயநகரக் காலமாகிய 16ஆம் நூற்றாண்டிலும் அதனையடுத்தும் செய்யப்பட்ட கட்டாரிகள் பலவற்றில், புறங்கையை மூடும் இலை வடிவக் காப்பும் உண்டு. பிற்காலத்தில் அக்காப்பு பெரும்பாலும் கைவிடப்பட்டது.

தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் 19ஆம் நூற்றாண்டில் பல இடங்களுக்குச் சிதறின. சென்னை அருங்காட்சியகத்தில் அவற்றுட் சில உள்ளன. தஞ்சைக் கட்டாரிகள் சிலவற்றின் அலகுகள் ஐரோப்பிய வாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. கடல் கடந்து வந்த இரும்பை நம் வீரர் கைக்கு உரியதாக்கியது, நம் கம்மியர் பொருத்திய பிடியும் காப்பும் அல்லவா?

1899ஆம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தபோது, இரும்பு வாள்களும் குத்துவாள்களும் வெளிப்பட்டன. மண்ணுக்குள் இரும்பு துருப்பிடித்தேனும் நிலைக்கிறது. மரமோ மக்கி மறைகிறது. ஆகவே கைப்பிடியின் வரலாற்றில் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாயிற்று.

மாணவர்களே, எஞ்சியிருப்பது இன்னும் உழைக்கும் கொல்லர் கைகளிலும், உங்கள் வீட்டுப் பரண்களிலும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் செல்லுங்கள். எந்த மரம், எத்தனை அங்குலம், எவ்வகைப் பூண் என்று வினவி, படம் வரைந்து எழுதி வையுங்கள். அலகைக் கண்டு வியப்பவர் பலர். அதைப் பற்றிய கையையும் எண்ணிப் பார்ப்பவரே உழைப்பின் வரலாற்றை அறிவர்.