கூடைப்பந்தும் கல்லூரி ஆசிரியைகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரி விளையாட்டுப் பதிவேடுகளைப் புரட்டும் நேயர்கள், மகளிர் கூடைப்பந்துச் சாம்பியன்களின் வரிசை 1982-ஆம் ஆண்டில் தொடங்குவதைக் காண்பார்கள். அவ்வாண்டில் முதல் வாகை சூடியது லூயிசியானா டெக் என்னும் பல்கலைக்கழகம். அதற்கு முன் மகளிர் ஆடவில்லையோ என்றால், ஆடினார்கள். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆடினார்கள். ஏடு தொடங்கும் இடம் வேறு, வரலாறு தொடங்கும் இடம் வேறு. அந்த ஏட்டுக்கு முன்னும் பின்னும் பயிற்சி அளித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அறிந்தாலன்றி, அவர்களுடைய வெற்றிக் கணக்கின் பொருள் விளங்காது என்பது நம் கருத்து.

கூடைப்பந்தை 1891 டிசம்பரில் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் உண்டாக்கியவர் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். (அதே இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியதை நம்மவர் பலர் அறிவர்.) சில மாதங்களுக்குள்ளேயே அவ்விளையாட்டை அருகிலிருந்த ஸ்மித் மாதர் கல்லூரியில் புகுத்தினார் செண்டா பெரென்சன். லித்துவேனியாவில் 1868-இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, ஏழு வயதளவில் பாஸ்டன் நகருக்குக் குடியேறியவர் அவர். தந்தையார் சில்லறைச் சாமான்களைச் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். நோயாளிப் பெண்ணாக வளர்ந்த செண்டா, பியானோ படிப்பைத் தொடர இயலாமல், உடல் தேறுவதற்கென்று தேகப்பயிற்சியை மேற்கொண்டார். அதுவே அவருக்குத் தொழிலாயிற்று.

1893 மார்ச்சில் அவர் நடத்திய முதல் பந்தயத்தைக் காண ஆடவர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவியர் முதலாண்டு மாணவியரை 5-க்கு 4 என்ற கணக்கில் வென்றனர். ஆடுகளத்தை அவர் மூன்று பாகமாகப் பிரித்தார். தத்தம் பாகத்தை விட்டு யாரும் நகரக் கூடாது, பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கக் கூடாது என்று விதி செய்தார். இன்று இவ்விதிகளைக் கண்டு சிரிப்பது எளிது. ஓடியாடினால் பெண்ணின் உடல் கெடும் என்று கற்றோரே நம்பியிருந்த நாளில், கல்லூரிக் கதவைத் திறக்க அவர் கொடுத்த விலை அது என்றே நாம் கொள்ளுகிறோம்.

ஆயினும் அந்த நம்பிக்கை எளிதில் சாகவில்லை. மிஸிஸிப்பி மாநிலத்து மக்கூல் என்னும் சிற்றூரில் 1912-இல் பிறந்த மார்கரெட் வேட், அம்மாநிலத்துக் கிளீவ்லாந்திலிருந்த டெல்டா மாநிலக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடி வந்தார். 1932-இல் கல்லூரி நிர்வாகம், இவ்விளையாட்டு இளம் பெண்களுக்குத் தாங்காது என்று கூறி அணியையே கலைத்துவிட்டது. மாணவியர் தங்கள் ஆட்ட உடைகளைக் குவித்துத் தீயிட்டனர். அதற்குப் பின் வேட் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் பயிற்சி அளித்தார். பிறகு தாம் படித்த அதே கல்லூரியில் உடற்பயிற்சித் துறை ஆசிரியையானார். 1973-இல் அணி மீண்டும் அமைக்கப்பட்டபோது பொறுப்பு அவரிடமே வந்தது. அப்போது அவருக்கு அறுபது வயது. இரண்டாம் பருவத்தில் 28 பந்தயங்களில் ஒன்றிலும் தோற்காமல் தேசியப் பட்டம் பெற்றார். 1975, 1976, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளும் பட்டம் டெல்டாவுக்கே. இடையில் தொடர்ந்து 51 வெற்றிகள். ஏட்டில் அவருடைய கல்லூரிக் கணக்கு 157 வெற்றி, 23 தோல்வி என்றிருக்கிறது. கலைத்துப் போட்ட நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு அதில் பத்தி ஏது?

வேட்டுக்கு முந்திய மூன்றாண்டுகளும் பட்டம் வென்றது, பிலடெல்பியா அருகே கன்னிமார் நடத்திய இம்மாகுலாட்டா என்னும் சிறு மாதர் கல்லூரி. அதன் பயிற்சியாளர் கேத்தி ரஷ் முதலாண்டில் பெற்ற ஊதியம் ஆண்டுக்கு 450 டாலர் என்பர்.

இப்பட்டங்களை வழங்கியது மகளிரே நடத்திய கல்லூரி விளையாட்டுச் சங்கம். கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேற்றுமை கூடாது என்ற சட்டம் 1972-இல் பிறந்தது. பணமும் பெருமையும் மகளிர் விளையாட்டை நாடி வந்தன. ஆடவர் போட்டிகளை நடத்தி வந்த பெரிய சங்கம் 1982-இல் மகளிர் போட்டியையும் தொடங்கவே, மகளிர் சங்கம் நிலைகுலைந்து மறைந்தது. விளைவு விந்தையானது. பயிற்சியாளர்களின் வெற்றிகளைக் கூட்டும்போது பழைய நாட்களையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். பட்டங்களை எண்ணும்போது மட்டும் 1982 முதல் எண்ணுகிறார்கள்.

அந்த 1982 இறுதிப் போட்டியில் தோற்ற அணி, கறுப்பின மக்களுக்கென ஏற்பட்ட செய்னி மாநிலக் கல்லூரி. அதை அங்கு கொண்டுவந்த விவியன் ஸ்டிரிங்கர், பென்ஸில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். 1992-இல் கணவரை இழந்து, சில மாதங்களில் ஐயோவா அணியைக் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக்கினார். பின்னர் ரட்கர்ஸ் அணியையும் அவ்விடம் சேர்த்தார். மூன்று கல்லூரிகளை அந்நிலைக்கு உயர்த்திய முதல்வர் அவரே. 1,055 வெற்றிகளுடன் 2022-இல் ஓய்வு பெற்றார். பட்டம் ஒன்றும் இல்லை.

டென்னிஸி மாநிலத்துப் பாட் சம்மிட்டின் கதையும் நாட்டுப்புறத்திலேயே தொடங்குகிறது. பண்ணை வீட்டுப் பெண். ஊர்ப் பள்ளியில் பெண்கள் அணி இல்லாமையால், மகள் ஆடவேண்டுமென்றே பெற்றோர் குடும்பத்தோடு அடுத்த வட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். 1974-இல், 22 வயதில், டென்னிஸி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். மாதம் 250 டாலர் சம்பளம். அணியின் வண்டியை ஓட்டுவதும், உடைகளைத் துவைப்பதும் அவர் பணிகளே. 38 ஆண்டுகளில் 1,098 வெற்றி, 208 தோல்வி, எட்டுப் பட்டங்கள். தம்மிடம் முழுக்காலம் ஆடிய மாணவியர் அனைவரும் படிப்பை முடித்தனர் என்பதை நாம் அந்த எட்டுக்கும் மேலாக வைப்போம். நினைவு மறதி நோயால் 2012-இல் விலகி, 2016-இல் காலமானார்.

சட்டம் தந்த வளத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1972-க்கு முன் கல்லூரி மகளிர் அணிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்றுவித்தனர். ஊதியம் உயர்ந்தபின் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அவ்வாறு வந்த ஆடவருள் தலைசிறந்தவர் கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா. இத்தாலிய மலையூரில் பிறந்து, செண்டாவைப் போலவே ஏழு வயதில், மொழி தெரியாமல் அமெரிக்கா வந்தவர். 2025 வரை பன்னிரண்டு பட்டங்கள் பெற்றிருந்தார். ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டெர்வீர் 1,216 வெற்றிகளோடு 2024-இல் ஓய்வு பெற, அவ்வாண்டு நவம்பரிலேயே அவ்வெண்ணையும் கடந்தார். அவர் திறமையை யாரும் ஐயுறுவதற்கில்லை. ஆனால் ஊதியம் 450 டாலராக இருந்தபோது அப்பதவிக்குப் போட்டியிட ஆடவர் திரளவில்லை என்பதையும் மறக்கலாகாது.

ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபம் 1985-இல்தான் முதன்முறையாகப் பெண்களை ஏற்றது. மறைந்து முப்பதாண்டு கடந்த செண்டா பெரென்சன், பள்ளிப் பயிற்சியாளர் பெர்த்தா டீக், மார்கரெட் வேட் ஆகிய மூவர். வேட்டுக்கு அப்போது வயது 72. சாம்பியன்களின் வரிசை அப்போதும் 1982-இலேயே தொடங்கியது.