கேப்பைக்கு யார் காவல்?

மயிலாடும்பாறைன்னு தேடிப் பார்த்தீங்கன்னா கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை பத்தின செய்திதான் நிறைய வரும். அங்க கிடைச்ச இரும்போட காலம் கி.மு. 2172ன்னு 2022-ல அறிவிச்சாங்க. பெரிய விஷயம்தான். ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது அந்த ஊர் இல்ல. இது தேனி மாவட்டம், வருசநாடு போற வழியில, மூல வைகைப் பக்கம் இருக்கிற மயிலாடும்பாறை. எங்க அம்மாச்சி ஊரு.

அம்மாச்சி வீட்ல ஒரு மண் குலுக்கை இருந்துச்சு. அதுல கேப்பை போட்டு வைப்பாங்க. நான் சென்னையில அரிசி வாங்கி ரெண்டு மாசம் வச்சா வண்டு குடும்பமே குடியேறிடுது. அம்மாச்சியோட கேப்பை அடுத்த வெள்ளாமை வரைக்கும் அப்படியே கிடக்கும். "ஏன் அம்மாச்சி இதுல மட்டும் வண்டு விழல?"ன்னு கேட்டா, "அது கேப்பைடா, அதைப் பூச்சி அண்டாது"ன்னு முடிச்சிருவாங்க. ஒரு காரணம் எளிமையானது. கேப்பை ரொம்பச் சின்ன தானியம், ஒரு புழு உள்ள இருந்து வளர அதுல இடமே பத்தாது. இன்னொரு காரணம் தானியத்துக்கு உள்ளயே இருக்கு. அதைக் கண்டுபிடிச்ச கதைதான் இந்த எபிசோடு.

கதை கோதுமையில ஆரம்பிக்குது. 1942, அமெரிக்க வேளாண்துறை. பால்ஸ், ஹேல், ஹாரிஸ்னு மூணு பேர் கோதுமை மாவுல இருந்து ஒரு சின்ன புரதத்தைப் பிரிச்சு, படிகமாவே எடுத்துட்டாங்க. பேர் பியூரோதயோனின். கிரேக்கத்துல கோதுமைக்கும் கந்தகத்துக்கும் உள்ள சொல்லைச் சேர்த்து வச்ச பேர். மொத்தமே 45 அமினோ அமிலம்தான். நாலு கந்தகப் பாலம் அதை இறுக்கிக் கட்டி வச்சிருக்கும். அதே வருஷம் அது பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கொல்லுதுன்னும் தெரிஞ்சுது.

எப்படிக் கொல்லுது? இந்தப் புரதத்துக்கு நேர் மின்சுமை. நுண்ணுயிரியோட மேல்சவ்வுக்கு எதிர் மின்சுமை. ரெண்டும் ஒட்டிக்கும், சவ்வு கிழியும், உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய ஒழுகும். அவ்வளவுதான்.

பென்சிலினுக்காக உலகமே காத்துக்கிட்டிருந்த நேரம் அது. அப்போ ஏன் நாம ஜுரத்துக்குக் கோதுமை மருந்து சாப்பிடல? ஏன்னா அதே 1942-ல சோதனை விலங்குகளுக்கு அதை ஊசியில ஏத்திப் பார்த்தாங்க. அதுங்களுக்கும் அது விஷமாவே இருந்துச்சு. வாய் வழியா சாப்பிட்டா பிரச்சினை இல்ல, வயிறு அதை மத்த புரதம் மாதிரி செரிச்சிடும். ரத்தத்துல கலந்தாதான் ஆபத்து. மருந்தா ஆகாதுன்னு தெரிஞ்சதும் அந்தப் புரதத்து மேல இருந்த ஆர்வம் அடங்கிப்போச்சு.

1972-லதான் ஸ்பெயின்ல ஒரு குழு சரியான கேள்வியைக் கேட்டுச்சு. இது மனுஷனுக்கு மருந்தாகுமான்னு கேக்கல. செடிக்கு இது எதுக்குன்னு கேட்டாங்க. பயிர்நோய் பாக்டீரியாக்கள் மேல போட்டுப் பார்த்தா, அதுல பலதும் செத்துப்போச்சு. கோதுமை தன்னைத்தானே காப்பாத்திக்க வச்சிருக்கிற ஆயுதம் அதுங்கிற எண்ணம் அப்போதான் வலுப்பட்டுச்சு. பட்டுப்பூச்சி வகை ஒண்ணுல செக்ரோபின், தவளைத் தோல்ல மகைனின்னு விலங்குகள்ல இதே மாதிரி புரதங்கள் பேர் வாங்கினது 1980-கள்ல. செடி அதுக்குப் பல வருஷம் முன்னாடியே வரிசையில நின்னிருக்கு.

சரி, நம்ம கேப்பைக்கு வருவோம். 1981, மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி. சிவராஜ், பட்டாபிராமன்னு ரெண்டு பேர் கேப்பையில இருந்து ஒரு வித்தியாசமான புரதத்தைப் பிரிச்சாங்க. மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் நொதியையும் அது தடுக்கும், புரதத்தைச் செரிக்கிற டிரிப்சினையும் தடுக்கும். அதுவும் ஒரே நேரத்துல! ஒரே பூட்டு ரெண்டு கதவைச் சாத்துற மாதிரி. தின்ன வர்ற பூச்சிக்கு மாவும் செரிக்காது, புரதமும் செரிக்காது. 1983-ல அதோட 122 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்திட்டாங்க. 1998-ல ஒரு ஐரோப்பியக் குழு, மாவுல வர்ற வண்டோட அமைலேஸை இந்தக் கேப்பைப் புரதம் எப்படி அடைக்குதுன்னு அணு அணுவா படம் பிடிச்சுது. அம்மாச்சி சொன்ன "அண்டாது"க்கு இது ஒரு பாதி பதில்.

அதே 1998-ல புனே தேசிய வேதியியல் ஆய்வகம் கம்புல இருந்து ஒரு புரதத்தை எடுத்துச்சு. அது பூஞ்சையை வளர விடாமத் தடுக்குது.

அப்போ நம்ம சிறுதானியத்துக்கு நோயே வராதா? வரும். இந்த இடத்துலதான் நான் கொஞ்சம் பிரேக் போடணும். 'சிறுதானியம் வெல்ல முடியாதது'ன்னு வாட்ஸப்ல வர்றதை நம்பாதீங்க. கேப்பைக்குக் குலை நோய் உண்டு. இந்தியாவுல அது முதல்ல பதிவானது 1920-ல, நம்ம தஞ்சாவூர் டெல்டாவுல. கம்புக்குத் தேன் ஒழுகல் நோய் உண்டு. அந்தப் பூஞ்சை கலந்த கம்பைச் சாப்பிட்டு 1975-ல ராஜஸ்தான் கிராமங்கள்ல பலருக்கு வாந்தி, மயக்கம். நோய்பட்ட தானியத்தைப் பிரிக்கிற வழி ரொம்பச் சுலபம்: உப்புத் தண்ணியில போட்டா அது மிதக்கும், நல்லது அடியில தங்கும்.

செடி ஒரு பூட்டு செஞ்சா பூஞ்சை ஒரு சாவி செய்யுது. பாதுகாப்பு ஒரு தடவை எழுதி முடிச்சுட்டு மறந்துடற கோடு இல்லைன்னு எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். புதுசு புதுசா பேட்ச் வேணும். செடிக்கு அந்த பேட்ச் எங்க இருந்து வரும்? விதவிதமான நாட்டு ரகங்கள்ல இருந்துதான். ஒவ்வொரு ரகத்துலயும் பூட்டு கொஞ்சம் மாறியிருக்கும்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டா அறிவிச்சுது. சூப்பர் மார்க்கெட்ல ராகி குக்கி வந்துச்சு. ஆனா அம்மாச்சியோட குலுக்கை இப்போ காலி. அவங்க எந்த ரகம் போட்டாங்கன்னு கேட்டா வீட்ல யாருக்கும் பேர் தெரியல. அந்த விதையோட சேர்ந்து என்ன பூட்டு போச்சுன்னு இனிமே யாரும் சோதிச்சுப் பார்க்க முடியாது.

கடைசியா ஒண்ணு. கேப்பையை முளைகட்டிக் காயவச்சு அரைச்சு குழந்தைக்குக் கஞ்சி கொடுப்பாங்கல்ல? முளை விடும்போது இந்தத் தடுப்புப் புரதங்கள் குறையுதுன்னு ஆய்வுகள் காட்டுது. விதை முளைக்கணும்னா சேத்து வச்ச மாவை அதுவே எடுத்துச் சாப்பிடணுமே. அம்மாச்சிக்கு அமைலேஸ் தெரியாது. ஆனா பூட்டு எப்போ திறக்கும்னு தெரிஞ்சிருந்துச்சு.

உங்க வீட்ல பாட்டி இருந்தா, இந்த வாரம் போன் பண்ணி அவங்க போட்ட கேப்பை ரகத்தோட பேரைக் கேட்டு எழுதி வைங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.