ஷெட்லாந்துத் தொப்பியும் அதைப் பின்னிய கைகளும்

கையாற் பின்னிய கம்பளிச் சட்டையொன்று ஒருவருக்குப் பரிசாகக் கிடைக்கின்றது. அதற்கு இணையாக ஒரு தொப்பி பின்ன அவர் விரும்புகின்றார். கடைத் தொப்பியின் நிறம் ஒத்துவரக்கூடும், பின்னல் ஒத்துவராது. ஆகவே ஊசியைத் தொடுமுன் அவர் அச்சட்டையை வாசிக்க வேண்டியவராகின்றார். ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள், நூல் எத்தனை புரி, பின்னியவரின் கை இறுக்கமானதா, தளர்ந்ததா என்றெல்லாம் எண்ணிப் பார்க்கும்போதுதான் அந்தப் பரிசு எத்தனை இரவுகளை விழுங்கியது என்பது அவருக்குப் புலப்படுகின்றது. ஒரு பொருளில் உறைந்துகிடக்கும் உழைப்பை அறிய, அதற்கு இணையான இன்னொன்றைச் செய்து பார்ப்பதே சிறந்த வழி.

விலை கொடுத்து வாங்குவோர்க்கு இவ்வறிவு தேவைப்படுவதில்லை. அவர்கள் விலையை அறிவார்கள், கையை அறியமாட்டார்கள். அக்கை எவ்வாறு மறைக்கப்படுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள, பின்னலுக்கு உலகப் புகழ் பெற்ற ஷெட்லாந்துத் தீவுகளின் வரலாற்றை நாம் நோக்குதல் தகும்.

ஸ்கொத்லாந்துக்கு வடக்கே, கடுங்காற்று ஓயாத கடலில் சிதறிக்கிடக்கும் தீவுக் கூட்டம் அது. 1469 இல் டென்மார்க் மன்னன் தன் மகளின் சீதனத்துக்கு ஈடாக இத்தீவுகளை ஸ்கொத்லாந்து மன்னனுக்கு அடகு வைத்தான். அடகு மீட்கப்படவே இல்லை. நாளடைவில் நிலம் நிலப்பிரபுக்களின் கையில் திரண்டது. 18 ஆம் நூற்றாண்டிலும் 19 ஆம் நூற்றாண்டின் பெரும் பகுதியிலும், குடியிருக்கத் துண்டு நிலம் வேண்டுமாயின் ஆண்கள் நிலப்பிரபுவுக்காகத் திறந்த படகில் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கச் செல்ல வேண்டும் என்பதே பரவலான நியதி. சென்றவர்களுள் பலர் மீளவில்லை. 1881 யூலையில் வீசிய ஒரே புயலில் மீனவர் 58 பேர் மாண்டனர்.

கரையில் இருந்த பெண்களே பயிரையும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்தனர். அடுப்பெரிக்க முற்றா நிலக்கரியை வெட்டிக் கூடையிலிட்டு முதுகிற் சுமந்தனர். அவ்வாறு சுமந்து நடக்கும்போதும் அவர்களின் கைகள் பின்னிக்கொண்டே இருந்தன. இடையிலே கட்டிய தோற்பட்டியின் துளையில் ஊசியொன்றின் முனையைச் செருகிக்கொண்டால், நடந்தபடியே பின்னலாம். பழைய புகைப்படங்களிற் காணப்படும் இக்காட்சியைக் கண்டு வியப்போர் பலர். ஓய்வென்று ஒரு கணமும் அற்ற வாழ்வின் சாட்சியமாகவே நாம் அதைக் காண்கின்றோம்.

இப்பின்னற்கலை பழைமை வாய்ந்தது. 1951 இல் கன்னிஸ்ரர் என்னும் இடத்தில் முற்றா நிலக்கரி வெட்டியவர்கள் ஒரு மனிதனின் எச்சங்களைக் கண்டெடுத்தனர். சதுப்பு மண் அவனுடைய எலும்புகளைப் பெரிதும் கரைத்துவிட்ட போதிலும் கம்பளி உடைகளைக் காத்து வைத்திருந்தது. பின்னிய தொப்பிகள், காலுறைகள், கையுறைகள், வண்ணக் கோலமிட்ட சிறு பணப்பை ஆகியன அவற்றுள் அடங்கும். பணப்பையில் இருந்த டச்சு, சுவீடன் நாணயங்கள் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. அவன் பெயர் நமக்குத் தெரியாது. அத்தொப்பியைப் பின்னியவர் பெயரும் தெரியாது. அந்நாளிலேயே டச்சு மீனவர்கள் லேர்விக் துறைமுகத்தில் காலுறைகளை வாங்கிச் சென்றனர்.

பின்னல் இவ்வாறு சந்தைப் பொருளானபோது, அதன் பயன் எவரைச் சென்றடைந்தது? 1872 இல் பிரித்தானிய அரசாங்கம் வெளியிட்ட விசாரணை அறிக்கை இதற்கு விடை தருகின்றது. வில்லியம் கத்ரி என்னும் ஆணையாளர் தீவுகளுக்குச் சென்று பின்னற்காரிகளையும் வணிகர்களையும் மீனவர்களையும் விசாரித்துச் சாட்சியங்களைப் பதிவு செய்தார். பின்னிய சால்வையைக் கொண்டுவந்த பெண்ணுக்கு வணிகர் காசு கொடுப்பது அரிது. தேயிலையும் துணியும் கடையிலுள்ள பிற பண்டங்களுமே கூலியாக அளக்கப்பட்டன. அவ்வேளையில் பண்டம் வேண்டாதவளுக்கு, பின்னர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு வழங்கப்பட்டது. வீட்டில் மாவில்லாத பெண், கூலியாகப் பெற்ற தேயிலையை அயலாரிடம் கொண்டுசென்று மாவுக்கு மாற்றினாள். நுண்ணிய சால்வை பின்னத் தெரிந்தவள் கையில் வீட்டு வாடகைக்குக் காசில்லை.

காசாகக் கொடுப்பதாயின் விலையைக் குறைக்க நேரும் என்பது வணிகர் வாதம். உள்ளதைச் சொல்வதானால், வணிகர் இருமுறை இலாபம் பெறக்கூடிய ஏற்பாடு இது: பின்னலை விற்கும்போது ஒருமுறை, தம் பண்டத்தைக் கூலியாகத் தள்ளிவிடும்போது இன்னொருமுறை.

கூலியைப் பண்டமாகக் கொடுப்பதைத் தடைசெய்யும் சட்டம் பிரித்தானியாவில் 1831 இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் குறிப்பிட்ட சில தொழில்களின் கூலியாட்களுக்கே அது பொருந்தியது. தன் வீட்டிலிருந்து பின்னுபவள் எவருடைய கூலியாளும் அல்லள், தன் பொருளைத் தானே விற்கும் சுதந்திர விற்பனையாளர் என்பது சட்டத்தின் பார்வை. பசித்த வயிற்றோடு கடைப்படியில் நின்றவளுக்குச் சூட்டப்பட்ட அந்தச் ‘சுதந்திரம்’ என்னும் பட்டமே அவளுக்கு விலங்காயிற்று. 1887 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வீட்டிற் பின்னுவோரையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. எனினும் ஏடு மாறிய வேகத்தில் கடை மாறவில்லை. பண்டமாற்று வழக்கம் 20 ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

இனி, பரிசுகளின் கதைக்கு வருவோம். 1837 இல் ஆதர் அன்டர்சன் என்பவர் ஷெட்லாந்துக் காலுறைகளை விக்டோரியா மகாராணியாருக்குப் பரிசளித்தார். நமது நாட்டுத் துறைமுகங்களுக்கு நெடுங்காலம் வந்துபோன பி அன்ட் ஓ கப்பல் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர் அவர், லேர்விக்கிற் பிறந்தவர். அரண்மனை அணிந்ததைச் சீமாட்டிகளும் விரும்பினர். கணையாழியினூடே இழுத்துவிடக்கூடிய மெல்லிய சால்வைகள் புகழ் பெற்றன. 1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியிலும் ஷெட்லாந்துச் சால்வைகள் வைக்கப்பட்டன. புகழ் இவ்வாறு வளர்ந்த காலத்துக்கும் கத்ரியின் விசாரணைக்கும் இடையே 21 ஆண்டுகளே என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

1921 இல் மற்றொரு பரிசு. லேர்விக் துணி வணிகர் ஒருவர், ஷெட்லாந்துக்கும் ஓர்க்னிக்கும் இடையிலுள்ள ஃபெயர் தீவின் கோலங்கள் பொறித்த கம்பளிச் சட்டையை வேல்ஸ் இளவரசருக்கு அனுப்பினார். பின்னாளில் எட்டாம் எட்வேட் மன்னராகி முடி துறந்தவர் இவரே. 1922 இல் சென்ற் அன்றூஸ் கோல்ஃப் திடலில் அவர் அதை அணிந்து தோன்றவே, அக்கோலம் நாகரிகமாயிற்று. சட்டைக்கு இணையான வட்டத் தொப்பியும் கையுறையும் கழுத்துப்பட்டியும் விரும்பப்பட்டன. ஆனால் ஃபெயர் தீவில் தொப்பியே மூத்தது. 19 ஆம் நூற்றாண்டிலேயே அங்குள்ள மீனவர்கள் வண்ணக் கோலத் தொப்பி அணிந்தனர்; கடந்து செல்லும் கப்பல்களை நோக்கிப் படகிற் சென்று பின்னற்பொருள்களைப் பண்டமாற்றுச் செய்தனர். உழைப்பாளியின் தலையில் இருந்ததை உலகம் காணவில்லை. இளவரசர் உடலில் ஏறியதும் கண்டது. பரிசளித்தவரையும் அணிந்தவரையும் வரலாற்றேடுகள் மறவாமற் சொல்கின்றன. பின்னியவளைப் பற்றிப் பேசுவது அரிது.

மறைத்தல் இத்துடன் நிற்கவில்லை. 1588 இல் ஸ்பானியக் கடற்படையின் ‘எல் கிரான் கிறிஃபோன்’ என்னும் கப்பல் ஃபெயர் தீவில் உடைந்தது. கரையேறிய மாலுமிகளே இக்கோலங்களைத் தீவுப் பெண்களுக்குக் கற்பித்தனர் என்றொரு கதை உண்டு. கப்பல் உடைந்தது உண்மை, கற்பித்தமைக்குச் சான்றில்லை. இவ்வகைக் கோலங்கள் பால்டிக், ஸ்காண்டிநேவிய நாடுகளின் பின்னலிலும் காணப்படுகின்றன. ஒரு வரிசையில் இரு நிறங்களுக்கு மேல் கையாளாமலே பல நிற எழில் காட்டும் நுட்பம் தலைமுறைகளின் தேர்ச்சியால் வருவது. கரையொதுங்கிய சில வாரங்களிற் கற்பிக்கக்கூடிய வித்தை அதுவன்று. ஏழைப் பெண்களுக்கு இத்தகைய அறிவு தாமாக இருத்தல் கூடுமோ என்னும் ஐயமே இக்கதைக்கு உயிரூட்டியது என நாம் கருதுகின்றோம். கூலியைக் கவர்ந்த பின் எஞ்சியிருந்தது அறிவு. கதை அதையும் கவர முயன்றது.

மாற்றம் எவ்வாறு வந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீவுகளில் முகாமிட்டிருந்த படையினர் பின்னற்பொருள்களைக் காசு கொடுத்து வாங்கினர். கடையை நாடாமலே காசு கிடைக்கும் என்றானபோது, பண்டமாற்றின் பிடி தளர்ந்தது. 1970 களில் வட கடல் எண்ணெய்த் தொழில் நல்ல சம்பளத்தோடு வந்தது. பெண்கள் பலர் ஊசியைக் கீழே வைத்தனர். கலை அழிகின்றதே என்று வருந்தியோர் உண்டு. ஆனால் வேறு வழி திறந்தவுடன் ஒரு தொழிலாளி தன் தொழிலை விட்டு நீங்குகின்றாள் என்றால், அத்தொழில் அவளுக்கு அளித்த ஊதியத்தைப் பற்றியே முதலிற் கேட்க வேண்டும். கலையைக் காப்பது கலைஞரின் பட்டினியின் கடமையன்று. 2010 இல் ஆரம்பப் பாடசாலைகளிற் பின்னல் கற்பிப்பதும் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய ஷெட்லாந்துக் கம்பளி வார விழா பின்னர் ஒரு புதிய வழக்கத்தை வளர்த்தது. விழாவுக்கென வடிவமைக்கப்படும் தொப்பியின் மாதிரியைப் பார்த்துப் பல நாட்டவரும் தத்தம் வீட்டிலேயே அதைப் பின்னி, அணிந்து வருகின்றனர். 2015 இல் செம்மறியாட்டு உருக்கள் கொண்ட தொப்பியொன்று அவ்வாறு பரவியது. அதனை வடிவமைத்தவரின் பெயர் மாதிரியோடு சேர்ந்தே சென்றது. பெயரின்றிப் போன எத்தனையோ தலைமுறைகளுக்குப் பின் இது சிறிய செய்தியன்று.

கையாற் செய்த பொருளை மதிப்பதாகச் சொல்வது இன்று எளிது, நாகரிகமுங்கூட. ‘கைவேலை’ என்று எழுதி அதிக விலைக்கு விற்கும் கடைகளுக்கும் குறைவில்லை. அவ்விலையில் எத்தனை பங்கு அக்கையைச் சேர்ந்தது என்று கேட்போர் எத்தனை பேர்? பரிசுக்கு இணையாகத் தொப்பி பின்ன முற்படுபவர் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றார். உழைப்பின் விளைவை நுகரும் சமுதாயமும் அவ்வாறே எண்ணிக் கணக்குத் தீர்க்கக் கற்கவேண்டும். புகழுரையால் அக்கணக்கைத் தீர்க்க முடியாது, தேயிலையாலும் முடியாது.